தாய்ச் சீட்டும் பிள்ளைச் சீட்டும்

வேர்க்கடலையை விட்டுவிட்டு வேர்க்கடலைச் சட்னி அரைக்க முடியுமா? சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்திராத ஆண்பிள்ளைகூட இதற்குப் பதில் சொல்லிவிடுவான். ஆனால் போன மாதம் ஒரு கம்ப்யூட்டர், "பேஷாக முடியும்" என்று என் தமக்கையிடம் சொல்லிவிட்டது. அது ஏன் அப்படிச் சொல்லிற்று என்று விசாரிக்கப் போனதில் எனக்குத் தெரியவந்த சமாசாரத்தைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன். கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். கதை முழுவதும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றியேதான் நடக்கிறது.

என் அக்காவின் பையனுக்கு ஏழு வயது. அவனுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பிறந்த நாள் விருந்தில் யாரோ ஒரு துண்டு மிட்டாயைக் கொடுத்தார்கள். அதில் கடலைப் பொடி கலந்திருந்தது யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷத்தில் உதடு வீங்கிவிட்டது. மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு, விடிய விடியப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலையில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அக்கா பிஸ்கோத்துப் பொட்டலத்தின் பின்புறத்தைக்கூட மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிக்கிறாள். படிக்காத பொட்டலம் வீட்டுக்குள் வராது.

அக்கா இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துப் பெண்மணிகள் நாலைந்து வருஷமாகச் சமையல் குறிப்புகளைச் சேர்த்து வருகிறார்கள். தொள்ளாயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. மூன்றாவது மாடியில் இருக்கும் பையன் ஒருவன், கல்லூரிப் படிப்பு முடித்துக் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறவன், அவற்றையெல்லாம் ஒழுங்கு செய்து தேடுவதற்கு ஒரு வசதியும் செய்து கொடுத்தான். ஒவ்வொரு குறிப்பிலும் சாமான்களின் பெயர், அளவு, அதோடு இன்னொரு கட்டம்: 'அவசியம்' அல்லது 'விருப்பம்'. இந்தக் கடைசிக் கட்டம் அக்காவின் யோசனை. எலுமிச்சம் சாதத்துக்கும் அவல் உப்புமாவுக்கும் வேர்க்கடலை ஒரு அலங்காரந்தான். போடாவிட்டால் குடி முழுகிப் போகாது. அப்படிப்பட்ட பதார்த்தங்கள் எவை எவை என்று தெரிந்துகொண்டால் பையனுக்குத் தைரியமாகச் செய்து போடலாம் அல்லவா?

ஆகவே அக்கா கேட்ட கேள்வி இதுதான்: சாமான், வேர்க்கடலை, கட்டம், விருப்பம். முதலாவதாக வந்து நின்றது வேர்க்கடலைச் சட்னி!

"ஏண்டா, இதில் கடலையை எடுத்துவிட்டால் மிளகாயும் உப்பும்தானே மிஞ்சும்? அதையா குழந்தைக்குக் கொடுக்கிறது?" என்று என்னிடம் டெலிபோனில் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனேன். மாடிப் பையனையும் கூப்பிட்டனுப்பினோம்.

அவன் குறிப்பை ஒரு தடவை பார்த்தான். "பூண்டு விருப்பம்னு போட்டிருக்கு மாமி. அதான்" என்றான்.

"பூண்டுக்கும் கடலைக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லை. அதுதான் தப்பு" என்று சொல்லி, நாள்காட்டியிலிருந்து பழைய தாள்களைக் கிழித்துக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்தான்.

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். தேடல் யந்திரம் நாம் கேட்கும்போது தொள்ளாயிரம் குறிப்பையும் படித்துப் பார்ப்பதில்லை. புஸ்தகத்தின் கடைசியில் சொல்லடைவு போட்டிருப்பார்களே, அதைப் போல ஒன்றை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்கிறது. பூண்டு என்ற சொல் எந்தெந்தச் சீட்டில் இருக்கிறது, விருப்பம் என்ற சொல் எந்தெந்தச் சீட்டில் இருக்கிறது என்று. இரண்டு சொல்லும் எந்தச் சீட்டில் சேர்ந்து வருகிறதோ அதை எடுத்துக் கொடுக்கிறது. மின்னலைப் போல் வேலை நடப்பதன் ரகசியம் இதுதான்.

ஆனால் ஒரு குறிப்பு முழுவதும் ஒரே சீட்டு. நாம் சாமான்களை வரிசை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் அதன் கட்டத்தோடு, எழுதிக் கொடுத்தாலும், யந்திரம் அதைத் தட்டையாக்கிவிடுகிறது. பெயர்கள் எல்லாம் ஒரு குவியல்: வேர்க்கடலை, மிளகாய், உப்பு, பூண்டு. கட்டங்கள் எல்லாம் இன்னொரு குவியல்: அவசியம், விருப்பம். எது எதோடு சேர்ந்தது என்ற உறவு அறுந்து போகிறது. இந்தச் சீட்டில் வேர்க்கடலை உண்டா? உண்டு. விருப்பம் உண்டா? உண்டு. சரி, சட்னியைக் கொண்டு வா!

கல்யாண மண்டபத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அதில் பழுப்பு நிறமும் இருக்கும், ஏழாம் நம்பரும் இருக்கும். அதற்காகப் பழுப்பு நிறத்தில் ஏழாம் நம்பர் இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியுமா? கம்ப்யூட்டரில் துணிக்கடைக்குப் போய், எட்டு வயதுக்குச் சிவப்புப் பாவாடை கேட்டு, அங்கே போய்ப் பார்த்தால் எட்டு வயதுக்கு நீலமும் பத்து வயதுக்குச் சிவப்புமாக இருந்து ஏமாந்த அனுபவம் உங்களில் பல பேருக்கு இருக்கும். அநேகமாக இதே கோளாறாகத்தான் இருக்கும்.

இந்த யந்திரங்களுக்கும் அடுப்பங்கரைக்கும் பழைய சொந்தம் உண்டு என்று மாடிப் பையன் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு விசாரித்தேன். உண்மைதான். டக் கட்டிங் என்ற அமெரிக்கர் 1999-ல் லூசீன் என்ற தேடும் கருவியை எழுதினார். லூசீன் என்பது அவருடைய மனைவியின் நடுப்பெயர். அந்த அம்மாளின் தாய்வழிப் பாட்டிக்கும் அதுதான் பெயராம். சில வருஷம் கழித்து ஷே பானன் என்ற இளைஞர், மனைவி லண்டனில் 'லே கார்டான் ப்ளூ' சமையல் கலாசாலையில் படிப்பதற்காக அவளோடு கூடப் போனார். கையில் வேலை இல்லை. மனைவியின் சமையல் குறிப்புகளைத் தேடுவதற்கு ஒரு கருவி செய்யலாமே என்று லூசீனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த முயற்சி 'காம்பஸ்' என்று ஒன்றாகி, அது வளர்ந்து 2010-ல் 'எலாஸ்டிக்ஸர்ச்' ஆயிற்று. உலகம் முழுவதும் பரவிவிட்டது. மனைவிக்குச் சொன்ன சமையல் குறிப்புத் தேடல் மட்டும் வந்தபாடில்லை என்று அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இன்றைக்கும் பரிகாசம் செய்வார்கள். கணவன்மார்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

மேஜைக்கு வருவோம். தட்டையாக்குவதற்குப் பரிகாரம் உண்டு. அதற்கு 'நெஸ்டட்' என்று பெயர். கூட்டுக்குள் இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் நாலு சிறு தாள்களை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சாமானை அதன் கட்டத்தோடு எழுதினான். வேர்க்கடலை, அவசியம். மிளகாய், அவசியம். உப்பு, அவசியம். பூண்டு, விருப்பம். இவை பிள்ளைச் சீட்டுகள். ஐந்தாவதாக ஒரு பெரிய தாளில் 'வேர்க்கடலைச் சட்னி' என்று எழுதினான். அது தாய்ச் சீட்டு. பிள்ளைகள் நாலும் முன்னே, தாயார் கடைசியில், என்று மேஜைமேல் வரிசையாக வைத்தான். அடுத்து எலுமிச்சம் சாதத்தின் பிள்ளைகள், பிறகு அதன் தாய். பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகளை முன்னால் நடக்கவிட்டுத் தாயார் பின்னால் வருவாளே, அந்த மாதிரி ஊர்வலம். யந்திரத்துக்குள்ளும் இதே வரிசைதானாம்.

இப்போது கேள்வி தாயிடம் போகாது. ஒவ்வொரு பிள்ளையிடமும் போகும். 'நீ வேர்க்கடலையா? நீயே விருப்பமா?' இரண்டுக்கும் ஆம் என்று சொல்லும் பிள்ளை கிடைத்ததும், அங்கிருந்து முன்னோக்கி நடந்தால் முதலில் எதிர்ப்படும் தாய் எவளோ அவள்தான் அதன் தாய். அவளை அழைத்து வருகிறது. சட்னியின் பிள்ளைகளில் அப்படி ஒருவரும் இல்லை. எலுமிச்சம் சாதத்தில் இருக்கிறது. கணக்கு நேராகிவிட்டது!

இதில் இரண்டு நுட்பம். பிள்ளைச் சீட்டுகள் சாதாரணத் தேடலின் கண்ணில் படமாட்டா. பிள்ளைகளைத்தான் விசாரிக்கிறேன் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது இரண்டு நிபந்தனையையும் ஒரே மூச்சில் ஒரே பிள்ளையிடம் கேட்க வேண்டும். வேர்க்கடலை என்ற பிள்ளை உண்டா என்று ஒரு தடவை, விருப்பம் என்ற பிள்ளை உண்டா என்று இன்னொரு தடவை தனித்தனியாகக் கேட்டால், ஒன்றுக்கு ஒரு பிள்ளையும் மற்றதற்கு வேறு பிள்ளையும் கை தூக்கிவிடும். பழையபடி சட்னிதான்.

பழைய சீட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு இந்த மாறுதலைச் செய்ய முடியாது. எல்லாக் குறிப்புகளையும் புது முறையில் மறுபடி ஏற்றவேண்டும். தொள்ளாயிரந்தானே, காப்பி குடிப்பதற்குள் ஏற்றிவிட்டான். ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளைகள் இருக்கலாம் என்று கேட்டேன். எலாஸ்டிக்ஸர்ச்சில் நாமாக மாற்றாவிட்டால் 10,000 என்று வரம்பு கட்டியிருக்கிறார்களாம். காந்தாரி தோற்றாள்.

அக்கா மறுபடி தேடினாள். எலுமிச்சம் சாதம், அவல் உப்புமா, புளியோதரை என்று ஒழுங்காக வந்தது. எந்தப் பிள்ளையினால் இந்தத் தாய் அழைக்கப்பட்டாள் என்பதையும் யந்திரத்தைச் சொல்லச் சொல்லலாமாம். "அதைக் கட்டாயம் போடு, தம்பி. காரணம் சொல்லாமல் வந்து நின்றால் நான் நம்பமாட்டேன்" என்றாள் அக்கா.

பிறகு அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதுவே அவளுக்கு முக்கியமான கேள்வி. வேர்க்கடலை அறவே இல்லாத பலகாரங்கள் எவை?

பையன் ஏதோ தட்டினான். திரையில் முதலில் வந்தது கடலை உருண்டை.

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு நிமிஷம் யோசித்து, "இல்லைங்கறதைத் தப்பான இடத்தில் போட்டுட்டேன், மாமி" என்றான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், சகோதரிகளே. நான் மூன்று தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். 'பெண் குழந்தை இல்லாத வீடு எது?' என்று ஒரு கேள்வி. 'பெண் அல்லாத குழந்தை இருக்கும் வீடு எது?' என்று ஒரு கேள்வி. காதுக்கு ஒன்றைப் போலவே இருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையுமாக இருக்கும் வீடு முதல் கேள்விக்கு வராது, இரண்டாவதற்கு வந்துவிடும்! பையன் கேட்டது இரண்டாவது ரகம். வேர்க்கடலை அல்லாத பிள்ளை ஒன்றாவது உண்டா என்று விசாரித்திருக்கிறான். கடலை உருண்டையில் வெல்லம் இருக்கிறதே! வெல்லம் வேர்க்கடலை அல்லவே! "நான் இருக்கிறேன்" என்று அது கை தூக்கிவிட்டது. இந்தக் கணக்கில் உப்புப் போட்ட எல்லாப் பதார்த்தமும் தேறிவிடும்.

'இல்லை' என்பதைப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது, தாயிடம் சொல்லவேண்டும். வேர்க்கடலைப் பிள்ளையை உடைய தாய்மார்களை எல்லாம் முதலில் கண்டுபிடி, அவர்களை ஒதுக்கிவிட்டு மற்றவர்களைக் கொண்டு வா, என்று கேட்கவேண்டும். சொற்கள் அதேதான், நிற்கிற இடந்தான் வேறு. படித்துப் பட்டம் வாங்கிய பையனே தவறிவிட்டான் என்றால், நாளைக்கு ஒரு மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ, 'இன்ன மருந்து ஒத்துக்கொள்ளாத நோயாளிகள் இல்லாத பட்டியல்' என்று யாராவது இதே போலத் தட்டினால் என்ன ஆகும் என்று நினைத்தபோது எனக்குக் காப்பி கசந்தது.

பையன் இடத்தை மாற்றினான். கடலை உருண்டை போயிற்று. ஆனால் அக்கா விடவில்லை. "எங்கள் மாமியார் ஊரில் இதை மல்லாட்டை என்பார்கள். அப்படி எழுதியிருந்தால்?" என்றாள். நியாயமான கேள்வி. வேர்க்கடலை, நிலக்கடலை, மணிலாக் கொட்டை, விழுப்புரம் திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை. எல்லாம் ஒன்று என்று யந்திரத்துக்கு நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். பையன் அதையும் எழுதிக்கொண்டான். வெறுமனே 'கடலை' என்று எழுதினவர்களும் உண்டு. அது கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா, வேர்க்கடலையா என்பது எழுதினவருக்கும் ஆண்டவனுக்குந்தான் வெளிச்சம். அக்கா மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து அவற்றைத் தனியாகப் பொறுக்கித் திருத்தினாள்.

இடையில் ஒரு சில்லறை விஷயம். 'செய்து பார்த்தேன், நன்றாக வந்தது', 'எனக்கு உருண்டை பிடிக்கவே வரவில்லை' என்று குறிப்புகளுக்கு அடியில் மற்றப் பெண்மணிகள் எழுதும் அபிப்பிராயங்களையும் பிள்ளைச் சீட்டாக வைக்கலாமா என்று கேட்டேன். வைக்கலாம், ஆனால் கூட்டுக்குள் வைத்தால் ஒரு சங்கடம். ஒரே ஒரு அபிப்பிராயம் புதிதாக வந்தாலும் தாய், பிள்ளைகள் எல்லோரையும் கிளப்பி, வரிசை முழுவதையும் புதிதாக எழுதவேண்டும். ஆகையால் அவற்றைத் தனிச் சீட்டாக, தாயின் அடையாளத்தை மட்டும் குறித்து வைக்கும் வழி ஒன்று உண்டு. தாயைத் தொந்தரவு செய்யாமல் பிள்ளை வரலாம், போகலாம். தேடும்போது இருவரையும் இணைக்கவேண்டியிருப்பதால் நேரம் அதிகம் பிடிக்கும். தாயும் பிள்ளையும் ஒரே அலமாரியில் இருக்கவேண்டும் என்பதும் நிபந்தனை.

"அதாவது கூட்டுக் குடும்பம் ஒன்று, தனிக் குடித்தனம் ஒன்று. தனிக் குடித்தனம் போனாலும் அதே தெருவில் வீடு பார்க்கவேண்டும்" என்றாள் அக்கா. பையன் ஒரு மணி நேரமாகச் சொன்னதை ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

சாமான்களுக்குக் கூட்டுக் குடும்பம், அபிப்பிராயங்களுக்குத் தனிக் குடித்தனம் என்று தீர்மானமாயிற்று. குறைந்தது மூன்று பேராவது நன்றாக வந்ததாக எழுதியிருக்கும் பலகாரங்களைக் கொடு என்று இப்போது கேட்க முடிகிறது. தொழிலில் இருப்பவர்கள், பிள்ளைகள் தாய்களைவிட மிக மிக அதிகமாக இருந்தாலொழிய தனிக் குடித்தனம் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்களாம். ஆனால் எங்கள் கட்டடத்துப் பெண்மணிகள் அபிப்பிராயம் சொல்வதில் குறை வைக்கிறவர்கள் அல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது எல்லாம் தயாராக இருந்தது. அக்கா, "வேர்க்கடலை இல்லாத பலகாரம்" என்று தேடினாள். ரிப்பன் பக்கோடா வந்தது. அரிசி மாவு, கடலை மாவு, வெண்ணெய், மிளகாய்ப் பொடி, உப்பு, பெருங்காயம். ஆறு பிள்ளைகள், ஒன்றிலும் குற்றம் இல்லை. மருமகன் நாற்காலிமேல் ஏறி நின்று திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது! இது!" என்று குதித்தான்.

அக்கா படித்துக்கொண்டே வந்தவள் செய்முறையின் நடுவில் நின்றாள். 'காய்ந்த எண்ணெயில் பிழிந்து' என்று இருந்தது. சாமான் பட்டியலில் எண்ணெய் இல்லை. எந்த வீட்டில்தான் எண்ணெயைச் சாமான் என்று எழுதுகிறோம்? பிள்ளைச் சீட்டே எழுதாத பிள்ளையைப் பற்றி யந்திரம் என்ன சொல்ல முடியும்?

டெலிபோனை எடுத்தாள். குறிப்பு எழுதிய அம்மாள் இரண்டாவது மாடியில்தான் இருக்கிறார்.

"மாமி, உங்கள் ரிப்பன் பக்கோடாவுக்கு என்ன எண்ணெய் விடுவீங்க?"

"வேறென்ன? எங்கள் ஊர்ச் செக்கில் ஆட்டின கடலெண்ணெய்தான். மணமே தனி!"

செக்கில் ஆட்டின எண்ணெயில் கடலையின் சத்து கொஞ்சம் தங்கியிருக்கும். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு அது போதும். அக்கா ஒன்றும் பேசாமல் டெலிபோனை வைத்தாள். மாடிப் பையன் நாள்காட்டியிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்து, 'பொரிக்கும் எண்ணெய்' என்று எழுதிக்கொண்டான். தொள்ளாயிரம் குறிப்புக்கும் வீடு வீடாகப் போய்க் கேட்கவேண்டும் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அப்போ எனக்கு ரிப்பன் கிடையாதா?" என்று மருமகன் இழுத்தான்.

அக்கா அதற்குள் வாணலியை அடுப்பில் வைத்துத் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.